எண்ணும்மையும் ஒரு சிறைக்கதவும்

2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். புட்டசாமி வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பு 547 பக்கங்கள் கொண்டது. ஒன்பது பேரும் ஒரே முடிவுக்கு வந்தபோதிலும் அவர்களுள் ஆறு பேர் தனித்தனியே காரணங்களை எழுதியிருந்தார்கள். அன்றிரவு அதைப் படிக்கத் தொடங்கிய நான், நீதிபதி ரோஹின்டன் நரிமன் எழுதிய பகுதியில், பெரும்பான்மையோடு இசையாமல் எழுதப்பட்டு, தம் காலத்தில் தோற்றுப்போன மூன்று மாறுபட்ட தீர்ப்புகளை அவர் பெயர் சொல்லிப் போற்றியிருந்த இடத்தில் நின்றுவிட்டேன். 1950இல் ஏ.கே. கோபாலன் வழக்கில் ஃபஸல் அலி எழுதியது, 1962இல் சுப்பா ராவ் எழுதியது, 1976இல் எச்.ஆர். கன்னா எழுதியது. இவற்றுள் கடைசியானதை மட்டுமே அதுவரை முழுமையாகப் படித்திருந்தேன் என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது.

சட்டக் கல்லூரியில் ஏ.கே. கோபாலன் வழக்கை இரண்டு வரியில் கடந்துவிடுவோம். "கோபாலன் தீர்ப்பு மேனகா காந்தி வழக்கில் மாற்றப்பட்டது" என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். மாற்றப்பட்ட தீர்ப்பை யார் படிப்பார்கள்? ஆனால் நான் அன்றாடம் செய்யும் வேலையே, குற்ற விசாரணை இல்லாமலேயே ஒருவரை அடைத்து வைக்கும் தடுப்புக் காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனு போடுவது. அந்த வேலையின் வேர் எந்தத் தீர்ப்பில் இருக்கிறதோ அதைப் படிக்காமல் இத்தனை ஆண்டுகள் வாதாடியிருக்கிறேன். மறுநாள் நூலகத்தில் ஏ.ஐ.ஆர். என்னும் தீர்ப்புத் தொகுப்பின் 1950ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து 27ஆம் பக்கத்தைத் திறந்தேன். அதன்பின் அந்தத் தீர்ப்பைப் பல முறை படித்துவிட்டேன். அரசமைப்புச் சட்டத்தை நீதிபதிகள் எப்படிப் படிக்கிறார்கள், தமக்குள் எப்படி முரண்படுகிறார்கள் என்பதை எனக்கு அதைவிடத் தெளிவாகக் காட்டிய வேறொரு தீர்ப்பு இல்லை.

கோபாலன் கம்யூனிஸ்ட் தலைவர். 1947 டிசம்பரிலிருந்தே சென்னை மாகாண அரசு அவரை ஏதேனும் ஓர் ஆணையின்கீழ் அடைத்து வைத்திருந்தது. சாதாரணக் குற்றவியல் சட்டத்தின்படி விதிக்கப்பட்ட தண்டனைகள் மேல்முறையீட்டில் ரத்தாயின. ஆயினும் அவர் வெளியே வரவில்லை. 1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய ஒரே மாதத்தில் பாராளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. மார்ச் 1 அன்று கோபாலனுக்கு அந்தப் புதிய சட்டத்தின்கீழ் புதிய ஆணை வழங்கப்பட்டது. அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். உச்ச நீதிமன்றத்துக்கு அப்போது சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. பாராளுமன்றக் கட்டடத்தில், முன்பு சமஸ்தான மன்னர்களின் மன்றம் கூடிய அறையில் அது அமர்ந்திருந்தது. கோபாலனுக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார். தலைமை நீதிபதி கனியா, ஃபஸல் அலி, பதஞ்சலி சாஸ்திரி, மகாஜன், முகர்ஜி, எஸ்.ஆர். தாஸ் ஆகிய ஆறு பேர் கேட்டார்கள். மே 19 அன்று ஆறு பேரும் ஆறு தனித் தீர்ப்புகளை வழங்கினார்கள்.

சட்டத்தின் 14ஆம் பிரிவு, காவலில் இருப்பவர் தமக்குச் சொல்லப்பட்ட காரணங்களை நீதிமன்றத்திடம்கூடத் தெரிவிக்கக் கூடாது என்று தடுத்தது. அதை நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்தது. ஆனால் அந்த ஒரு பிரிவைக் கழித்தபின் எஞ்சிய சட்டம் செல்லும் என்று நான்கு பேர் கூறிவிட்டதால் மனு தள்ளுபடியானது. ஃபஸல் அலியும் மகாஜனும் கோபாலனின் காவல் சட்டவிரோதமானது என்றார்கள்.

அந்த இருவரும் நான்கு பேரிடமிருந்து பிரிந்த ஓர் இடம், தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு உடனே புரியக்கூடியது. அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் உறுப்பு, தடுப்புக் காவல் மூன்று மாதங்களைத் தாண்டினால் ஓர் அறிவுரைக் குழு அதை ஆராய வேண்டும் என்கிறது. அதற்கு விலக்காக, எந்தச் சூழ்நிலைகளில், எந்த வகையான வழக்குகளில் அக்குழு இல்லாமலேயே அடைத்து வைக்கலாம் என்பதைப் பாராளுமன்றம் வரையறுக்கலாம் என்றும் சொல்கிறது. ஆங்கில மூலத்தில் 'சூழ்நிலைகள்', 'வகைகள்' என்னும் இரண்டு சொற்களுக்கும் இடையில் நிற்பது நம்முடைய எண்ணும்மைக்கு ஈடான சொல்: சூழ்நிலைகளையும் வகைகளையும். பெரும்பான்மையினர் அந்த 'உம்'மை 'அல்லது' என்று படித்தார்கள். இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும் என்றார்கள். ஃபஸல் அலியும் மகாஜனும் இரண்டையும் சொல்லியாக வேண்டும் என்றார்கள். அறிவுரைக் குழு என்பது காவலில் இருப்பவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே பாதுகாப்பு; அதையும் எடுத்துவிடுகிற விலக்கைக் குறுக்கிப் படிக்க வேண்டுமே தவிர விரித்துப் படிக்கக் கூடாது என்பது அவர்கள் நிலைப்பாட்டின் உட்பொருள். உரையாசிரியர்கள் ஓர் உம்மைக்கு இரண்டு பொருள் கண்டால் நமக்கு இரண்டு உரைகள் கிடைக்கின்றன. இங்கே ஓர் உம்மை இளகியதால் ஒரு மனிதர் சிறையிலேயே இருந்தார். 1973 ஏப்ரலில், சம்புநாத் சர்க்கார் வழக்கில், ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்தப் புள்ளியில் சிறுபான்மையினர் படித்ததே சரி என்று ஏற்றது. அடுத்த ஐந்தே நாட்களில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பாராளுமன்றம் மாற்ற முடியாது என்ற புகழ்பெற்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்துவிட்டதால் சம்புநாத் சர்க்காரை இன்று யாரும் நினைவுகூர்வதில்லை; என் வேலையைப் பொறுத்தவரை அது சிறிய தீர்ப்பன்று.

இன்னொரு வேறுபாடு இதைவிட ஆழமானது. அதில் ஃபஸல் அலி தனித்து நின்றார். ஒருவரின் உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் 'சட்டத்தால் நிலைநாட்டப்பட்ட நடைமுறை'யின்படி அன்றிப் பறிக்கக் கூடாது என்பது 21ஆம் உறுப்பு. பேச்சு, கூட்டம், நாடெங்கும் நடமாட்டம் முதலிய சுதந்திரங்களைத் தருவது 19ஆம் உறுப்பு. அவற்றின்மீது விதிக்கப்படும் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. சிறையில் அடைக்கப்பட்டவனுக்கு நடமாட்டம் ஏது? அப்படியானால் அவனை அடைக்கும் சட்டம் நியாயமானதா என்று 19ஆம் உறுப்பின்படி கேட்கலாம் அல்லவா? பெரும்பான்மையினர் கேட்க முடியாது என்றார்கள். 19ஆம் உறுப்பு சுதந்திரமாக நடமாடுகிறவனுக்கு உரியது, சுதந்திரம் பறிபோனவனுக்கு 21, தடுப்புக் காவலுக்கு 22 என்று ஒவ்வோர் உரிமையையும் அதனதன் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இந்தச் சுவர் ஏன் முக்கியம் என்பது இரண்டு ஆண்டுகளில் தெரிந்தது. 1952இல், சென்னையின் மக்கள் கல்விச் சங்கம் சட்டவிரோதமானதென அறிவிக்கப்பட்டது தொடர்பான வி.ஜி. ராவ் வழக்கில், தலைமை நீதிபதியாகியிருந்த பதஞ்சலி சாஸ்திரி ஐந்து நீதிபதிகளுக்காகவும் எழுதினார். கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்கும்போது அதன் உள்ளடக்கத்தை மட்டுமன்றி அது விதிக்கப்படும் நடைமுறையையும் ஆராய வேண்டும் என்று கூறி அவ்வறிவிப்புக்கு அடிப்படையான சட்டவிதியைச் செல்லாததாக்கினார். ஒரு சங்கத்தைத் தடைசெய்ய நியாயமான நடைமுறை வேண்டும். ஒரு மனிதரை அடைத்து வைக்கவோ, சட்டமன்றம் இயற்றிய எந்த நடைமுறையும் போதும். அறைகள் தனித்தனி என்று கொண்டால் இந்த விபரீதத்திலிருந்து தப்ப முடியாது.

பெரும்பான்மையினரை மனசாட்சியற்றவர்கள் என்று நினைப்பது எளிது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர்களுடைய தீர்ப்புகளைப் பொறுமையாகப் படித்தால் அவர்களுக்கு முன்னால் ஓர் உண்மையான தடை இருந்தது தெரிகிறது. அரசமைப்புச் சட்ட வரைவில் முதலில் அமெரிக்கப் பாணியில் 'உரிய சட்டமுறை' என்ற தொடரே இருந்தது. அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்றபோது நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார்; அந்தத் தொடர் நீதிபதிகளின் கையில் அளவுக்கு மீறிய அதிகாரத்தைக் கொடுத்துவிடும் என்று அவர் எச்சரித்தார். ஜப்பானிய அரசமைப்பின் 31ஆம் உறுப்பை ஒட்டி வரைவுக் குழு அதைச் 'சட்டத்தால் நிலைநாட்டப்பட்ட நடைமுறை' என்று மாற்றியது. சமூகச் சீர்திருத்தச் சட்டங்களை நீதிபதிகள் தம் விருப்பப்படி வீழ்த்திவிடக் கூடும் என்று அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அரசமைப்பு மன்றத்தில் வாதிட்டார். அம்பேத்கர் 1948 டிசம்பரில் இரு தரப்பு அச்சங்களையும் எடுத்துரைத்து முடிவை மன்றத்திடமே விட்டார். மறு ஆண்டு செப்டம்பரில், பரவலாக எழுந்த அதிருப்திக்கு ஈடாக, இன்று 22ஆம் உறுப்பாக இருக்கும் பாதுகாப்புகளைக் கொண்டுவந்தார். வேண்டுமென்றே கைவிடப்பட்ட ஒரு தொடரை, தேர்தலில் நிற்காத ஆறு பேர் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவரலாமா? இந்தக் கேள்விக்கு எளிய விடை இல்லை.

நான்கு பேரும்கூட ஒரே குரலில் பேசவில்லை. கனியாவுக்குச் 'சட்டம்' என்றால் அரசு இயற்றிய சட்டம், அவ்வளவே. பதஞ்சலி சாஸ்திரிக்கு அது நிறைவளிக்கவில்லை. 'நிலைநாட்டப்பட்ட' என்ற சொல்லில் ஓர் உறுதியும் நிலைபேறும் பொதுவான ஏற்பும் தொனிக்கின்றன என்றார். அரசமைப்பு மன்றத்தில் ஆற்றிய உரைகளைக் கொண்டு சொல்லுக்குப் பொருள் காண்பதையும் அவர் ஏற்கவில்லை. உரையாற்றியவர் என்ன நினைத்தார் என்பதை அவை காட்டலாமே தவிர, வாக்களித்த அத்தனை பேரும் என்ன நினைத்தார்கள் என்பதைக் காட்டா. இவ்வளவு தூரம் வந்தவர், தடுப்புக் காவலுக்குரிய நடைமுறையை 22ஆம் உறுப்பே சொல்லிவிட்டது என்று கூறிப் பெரும்பான்மையோடு நின்றுவிட்டார். அவர் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்குத் தோன்றுகிறது.

ஃபஸல் அலி அந்த அடியை எடுத்து வைத்தார். உரிமைகள் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன, தடுப்புக் காவல் நடமாட்டச் சுதந்திரத்தையும் நேரடியாகப் பாதிக்கிறது என்றார். நடைமுறை என்ற சொல்லுக்குள்ளேயே நான்கு குறைந்தபட்சத் தேவைகள் அடங்கியுள்ளன என்றார்: அறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான தீர்ப்பாயம், ஒழுங்கான விசாரணை முறை. கைவிடப்பட்ட அமெரிக்கத் தொடரை அவர் திருட்டுத்தனமாக மீட்கவில்லை. மன்றம் ஏற்றுக்கொண்ட சொல்லையே உற்றுப் பார்த்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று காட்டினார். பொருள்கோளில் நேர்மை என்பதற்கு இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

இந்த நான்கும் எனக்கு ஏட்டுச் செய்திகள் அல்ல. குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கும் 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் ஓராண்டு வரை ஒருவரை அடைத்து வைக்கலாம். உயர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்திருக்கும் தாய்மார்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, "அம்மா, உங்கள் மகன் குற்றம் செய்தானா இல்லையா என்பதை இன்று யாரும் கேட்கப் போவதில்லை" என்பதைத்தான். கேட்கப்படுவது வேறு: கொடுத்த ஆவணங்கள் படிக்கும்படி இருந்தனவா, தெரிந்த மொழியில் கொடுக்கப்பட்டனவா, முறையீட்டை அரசு காலம் தாழ்த்தாமல் பரிசீலித்ததா? ஒரு முறை ஆவணத் தொகுப்பில் ஒரே ஒரு பக்கத்துக்குத் தமிழாக்கம் இல்லாததால் ஓர் இளைஞர் விடுவிக்கப்பட்டார். வெளியில் இருப்பவர்களுக்கு இது சட்டத்தின் ஓட்டை போலத் தெரியும். சொல்லப்பட்ட குற்றச்சாட்டைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவனால் தன் தரப்பைச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் பொருள்.

1962இல் வந்த கரக் சிங் வழக்கில், சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்ட ஒருவரின் வீட்டுக்கு உத்தரப் பிரதேசக் காவல்துறை நள்ளிரவில் சென்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த இரவு வருகைகள் செல்லா என்று பெரும்பான்மையினர் கூறினார்கள். ஆனால் அந்தரங்க உரிமை என்ற ஒன்று அரசமைப்பில் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். சுப்பா ராவ், நீதிபதி ஷாவுடன் சேர்ந்து, தொடர் கண்காணிப்பே சுதந்திரத்தை அரிக்கிறது என்றும், 21ஆம் உறுப்பின்கீழ் வரும் சட்டம் 19ஆம் உறுப்பின் சோதனையையும் தாண்ட வேண்டும் என்றும் எழுதினார். 1970இல் வங்கிகள் தேசியமயமாக்க வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து, அவர்களுள் பத்துப் பேர் கோபாலன் வழக்கின் சுவரை இடித்தார்கள். அவர்களுக்காக எழுதியவர் அதே ஷா.

சுவர் இடிந்தபின்னும் அறை அறையாகப் படிக்கும் பழக்கம் போகவில்லை என்பதற்குச் சான்று 1976 ஏப்ரல் 28. அவசரநிலையில் 21ஆம் உறுப்பை நிலைநாட்ட நீதிமன்றம் செல்லும் உரிமை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மிசா என்னும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அடைபட்ட கைதிகளின் மனுக்களை விசாரிக்கலாம் என்று பல உயர் நீதிமன்றங்கள் கூறியிருந்ததை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் வந்தது. ஆட்சி கலைக்கப்பட்டபின் தமிழ்நாட்டிலும் மிசாவில் பலர் அடைபட்டிருந்த காலம் அது. காவலர் ஒருவர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றால் என்ன பரிகாரம் என்று கன்னா கேட்டார். அவசரநிலை நீடிக்கும்வரை தம் வாதத்தின்படி பரிகாரம் இல்லை என்று அட்டர்னி ஜெனரல் நிரேன் டே விடையளித்தார். அந்த விடையைக் கேட்டபின்னும் ரே, பேக், ஒய்.வி. சந்திரசூட், பகவதி ஆகிய நால்வரும் அரசின் பக்கம் நின்றார்கள். உயிருரிமை வசிக்கும் ஒரே அறை 21ஆம் உறுப்பு. அதைப் பூட்டிவிட்டால் வேறெங்கும் அதைத் தேட முடியாது என்பது அவர்களது தர்க்கம். உயிருரிமை அரசமைப்புச் சட்டம் ஈந்த கொடையன்று, அதற்கு முன்பும் இருந்தது என்று கன்னா ஒருவரே எழுதினார். மறு ஆண்டு ஜனவரியில், பணிமூப்பில் முன்னிருந்த அவரைத் தாண்டிப் பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார்; கன்னா பதவி விலகினார். பிறகு 44ஆம் திருத்தம் 21ஆம் உறுப்பை அவசரநிலையிலும் நிறுத்தி வைக்க முடியாதபடி செய்தது. 2017இல் அந்தத் தீர்ப்பை வெளிப்படையாக ரத்து செய்தவர்களுள் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். அதே 2017 வழக்கில் அந்தரங்க உரிமைக்கு எதிராக மத்திய அரசின் சார்பில் வாதாடிய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், கோபாலனுக்காக வாதாடிய எம்.கே. நம்பியாரின் மகன். நம் நீதித்துறை எவ்வளவு சிறிய உலகம் என்பதை இந்தப் பெயர்கள் காட்டுகின்றன. அது எனக்கு முழுக்க மகிழ்ச்சி தரும் செய்தியன்று.

நீதிபதிகளின் கருத்து வேறுபாட்டைத் தீர்க்க ஏற்பாடுகள் இருக்கின்றன. இருவர் பிரிந்தால் மூன்றாமவரிடம் போகும். 2018இல் பதினெட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களின் தகுதிநீக்க வழக்கில் அப்படி நடந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. அரசமைப்பு குறித்த முக்கியமான கேள்விக்குக் குறைந்தது ஐந்து பேர் அமர வேண்டும்; ஐவர் சொன்னதை மாற்ற அதைவிடப் பெரிய அமர்வு வேண்டும். ஆனால் இவை எண்ணிக்கையைத் தீர்ப்பவை. எண்ணிக்கையில் தோற்றவரின் காரணங்களைக் காப்பது 145ஆம் உறுப்பின் ஐந்தாம் உட்பிரிவு: பெரும்பான்மையின் இசைவோடுதான் தீர்ப்பு வழங்க வேண்டும், ஆயினும் இசையாத நீதிபதி மாறுபட்ட தீர்ப்பை வழங்குவதற்கு இதில் எதுவும் தடையாகாது. ஒற்றுமை வேண்டும் என்று எண்ணி இந்தச் சொற்றொடரை விட்டிருக்கலாம். விடவில்லை.

மாறுபட்டு எழுதப்பட்டதெல்லாம் நாளை சரியாகும் என்று நான் நம்பவில்லை. வங்கி வழக்கில் தனித்து நின்ற ஏ.என். ரேயின் தீர்ப்பை இன்று எவரும் தேடிப் போவதில்லை. சரியான மாறுபாடும் அதை வேண்டி நின்றவருக்கு உதவுவதில்லை. ஃபஸல் அலி எழுதிய அற்புதமான பக்கங்கள் கோபாலனின் சிறைக்கதவை ஒரு விரற்கடைகூடத் திறக்கவில்லை. தாழ்வாரத்தில் காத்திருக்கும் தாயிடம் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து உன் மகனுக்கு நீதி வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே மாறுபட்ட தீர்ப்புகளைக் கொண்டாடும் கூட்டங்களில் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு.

அந்த இருபத்தெட்டு ஆண்டுகள் முடிந்தது 1978 ஜனவரி 25 அன்று. பொதுநலன் கருதி என்று மட்டும் சொல்லி, காரணங்களைத் தர மறுத்து, மேனகா காந்தியின் கடவுச்சீட்டை அரசு முடக்கியிருந்தது. ஏழு நீதிபதிகளுள் கைலாசம் மட்டும் மாறுபட்டார். நடைமுறை என்றால் ஏதோ ஒரு நடைமுறை அன்று, நியாயமும் நேர்மையும் உடையதாக இருக்க வேண்டும், தன்னிச்சையானதாக இருக்கக் கூடாது என்று முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் பகவதி. இரண்டாண்டுக்கு முன் மிசா வழக்கில் அரசின் பக்கம் நின்ற பேக், சந்திரசூட், பகவதி மூவரும் இந்த அமர்விலும் இருந்தார்கள். அவர்கள் மனம் மாறினார்களா, காலம் மாறியதா என்பதை நான் தீர்ப்பளிக்க முடியாது. 1976இல் தாம் தவறு செய்ததாகப் பகவதி 2011இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார் என்பது மட்டும் பதிவில் இருக்கிறது. மாற விரும்பிய அன்று அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. 1950ஆம் ஆண்டுத் தொகுதியில் எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

ஃபஸல் அலி அதைப் பார்க்கவில்லை. மாநிலச் சீரமைப்பு ஆணையத்துக்குத் தலைமை தாங்கி, பின் அசாமின் ஆளுநராக இருந்தபோதே 1959இல் அவர் காலமானார். மேனகா காந்தி வழக்கில் பகவதி தமக்காகவும் வேறு இருவருக்காகவும் எழுதினார். அந்த இருவருள் ஒருவர் முர்தசா ஃபஸல் அலி, அவருடைய மகன். மகன் தனியாக எதுவும் எழுதவில்லை. கையெழுத்து மட்டும் இட்டிருக்கிறார்.